ஆயிரம் பக்க நாவலின் இன்னொரு வாசகர்

இடைக்கால இங்கிலாந்தில் நடக்கும் ஆயிரம் பக்க நாவல் ஒன்றுக்கு வாசகர்கள் எழுதிய கருத்துகளை இன்று இணையத்தில் பார்த்தேன். "ஒரே இழுவை" என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

எண்பத்திரண்டில் கொடைக்கானலில் டீச்சராக இருந்தேன். விடுதியில் பேச ஆளில்லாத அந்த மழைக்காலம் முழுக்க இதைத்தான் படித்தேன்.

நூலகத்தில் திருப்பித் தரும்போது நோட்டில் கருத்து எழுத வேண்டும். எனக்கு முன்னால் இந்த நாவலுக்கு ஒரே ஒருவர் எழுதியிருந்தார்: "அந்த வயசான துறவி செத்த அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல."

எனக்கும் இறங்கவில்லை.

"யாருங்க இவரு?" என்று நூலகரிடம் கேட்டேன்.

"செண்பகனூர் பங்களாவுல சமையல்காரருங்க, டீச்சர்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்விட்டேன். கேட்டில் வாட்ச்மேன், "சமையல்காரரு உள்ளதான் இருக்காரு. கூப்புடட்டுங்களா?" என்றார்.

கதையில் வந்த சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? என்ன நினைப்பார்கள்?

"வேணாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று திரும்பிவிட்டேன். அடுத்த பஸ் வர இரண்டு மணி நேரம் ஆனது. மழையில் நின்றேன்.

அதன்பிறகு அந்த நாவலைப் பற்றி யாரோடும் பேச வாய்க்கவில்லை. இங்கே யாராவது படித்திருந்தால் சொல்லுங்கள். பாதிதான் படித்தீர்கள் என்றாலும் பரவாயில்லை.