எதிர்வாதத்துக்கு ஐந்து மார்க்

கையெழுத்தைப் பார்த்து மார்க் போடுகிற ஆசிரியர்களை மெஹ்னாஸுக்குக் கண்டாலே ஆகாது. தினமும் திருத்தணியில் ரயிலேறி, சென்னைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. தத்துவம் நடத்தப் போகிற கௌரவ விரிவுரையாளர் அவள், பேரில்தான் கௌரவம். கட்டுரை திருத்த அவளே ஒரு ரூப்ரிக், அதாவது மார்க் போடும் கட்டங்கள் உள்ள பட்டியல், போட்டு வைத்திருந்தாள். கருத்து தெளிவா, காரணம் நிற்கிறதா, எதிர்வாதத்தை நேர்மையாகச் சொல்லியிருக்கிறதா, அதற்குப் பதில் உண்டா. கட்டத்துக்கு ஐந்து மார்க்.

வண்டியை சர்வீஸுக்கு விடுகிறவர்களுக்குத் தான் எழுதித் தருகிற சீட்டு மாதிரியே இருக்கிறது என்று மெக்கானிக்கான அவள் கணவன் அல்தாஃப் கிண்டல் செய்வான். ஆனாலும் சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்து தாள்களை அவன்தான் உரக்கப் படிப்பான். கையெழுத்து கண்ணில் படாமல், காதால் கேட்டு அவள் கட்டங்களை நிரப்புவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்கு இதுதான் சினிமா, இதுதான் கடற்கரை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில்கூட மூடாத கடையை இந்த வருடம் அவன் மூடிவிட்டான். பித்தப்பையில் கல் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். கல் இல்லை, புற்று, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் அவளையும் அவன் அண்ணன் ஹனீஃபாவையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தெரிந்தால் தம்பி மனசு விட்டுவிடுவான் என்று ஹனீஃபா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அன்று தொடங்கியது.

கேடுகாலம், 'நோயாளியிடம் உண்மையை மறைக்கலாமா' என்ற தலைப்பை அதற்கு முன்பே வகுப்பில் கொடுத்துவிட்டிருந்தாள். அந்தக் கட்டுரைகளைக் கல்லூரியிலேயே திருத்தி முடித்தாள். 'வாக்குறுதி' என்ற தலைப்பில் வந்தவற்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பள்ளிப்பட்டு மோனிகா எழுதியிருந்தது வாக்குறுதியைப் பற்றித்தான். உதாரணத்துக்குத் தன் அப்பாவை இழுப்பாள் என்று யார் கண்டது?

அல்தாஃப் படித்தான். நெசவாளியான நைனாவிடம் வெறும் அல்சர் என்றே சொல்ல வேண்டும் என அம்மா வாக்கு வாங்கிக்கொண்டாளாம். மகளும் அதைக் காப்பாற்றினாளாம். "கடைசிவரை நைனா வீட்டுக்கு மாடி கட்டுவதைப் பற்றியே பேசினார். எங்களிடம் விடைபெற அவருக்கு நாங்கள் வழிவிடவில்லை. அந்த வாக்கை நான் மீறியிருக்க வேண்டும்." உண்மை தெரிந்தால் நோயாளி தைரியம் இழப்பாரே என்ற எதிர்வாதத்தையும் மோனிகா விடவில்லை. தைரியம் இழப்பதும் அவருடைய உரிமைதான் என்று பதில் எழுதியிருந்தாள்.

அந்த இடத்தில் அவன் தாளிலிருந்து கண்ணை எடுத்தான். தாளைப் பிடுங்கிவிடலாமா என்று மெஹ்னாஸுக்குத் தோன்றியது.

"மெஹ்னாஸ், எனக்குக் கல்லுதானே?"

நேர்மைக்குக் கட்டம் போட்டு மார்க் கொடுத்தவள் அவள். மோனிகாவின் காரணம் நிற்கிறது, எதிர்வாதத்துக்குப் பதிலும் இருக்கிறது, எங்கேயும் குறை சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்தும், மஞ்சள் பூத்துப்போன அவன் கண்களைப் பார்த்ததும் வாய் பழைய பொய்யையே சொன்னது.

"ஆங். கல்லுதாங்க."

அவன் தலையாட்டினான். தாளை மடியில் வைத்து நீவிவிட்டான்.

"முழு மார்க் போட்டுடு. ஆனா அந்தப் பொண்ணைக் கூப்ட்டு ஒண்ணு சொல்லு. அவங்க நைனாவுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கும். நீங்கல்லாம் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் மாடி கதை பேசிகினு இருந்திருப்பாரு."

மெஹ்னாஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாய் என்று அவன் கேட்கவில்லை.