ஒன்பதாம் எண் வீட்டின் வெளித்தாழ்

முதல் அடி குழாய் மீதுதான் விழுந்தது. எழுபதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த ஸ்டோரில், வரிசையாக இருந்த பதினொரு வீடுகளுக்கும் அந்த ஒரே குழாய்தான். வீட்டுக்காரர் அனுப்பிய மேஸ்திரி அதைச் சம்மட்டியால் அடித்து நெளித்தான். "லாட்ஜ் வரப்போவுது. இனிமே ஆத்துல போய்க் குளிங்க" என்றான்.

பிறகு கிணற்றில் செத்த நாய் கிடந்தது. ஐந்தாம் எண்ணில் இருந்தவர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அவரைத் தெருமுனையில் மேஸ்திரியின் ஆட்கள் மூன்று பேர் கீழே தள்ளி மிதித்ததில் முன்பற்கள் இரண்டு போயின. மறுநாள் அவர் அந்த மூவரில் ஒருவனுடைய மணிக்கட்டை ஒடித்தார். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். அந்த ஆனி மாதப் பக்கங்களில் யார் யாரை எதனால் அடித்தார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

நாங்கள் காலி செய்திருக்கலாம். உறையூரில் எனக்கு ஒரு வீடு சொல்லி வைத்திருந்தார்கள். யாரும் போகாததற்குக் காரணம் ஒன்பதாம் எண்ணில் இருந்தவர். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், நாற்பது வயதில் புத்தி பிசகிவிட்டது. தாயார் இறந்தபின் ஸ்டோரே அவரைப் பார்த்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருந்தோம். சோறு, குளியல், சாயங்காலம் கொஞ்ச தூரம் நடை. தனியே விட்டால் ரயில் தண்டவாளத்துக்குப் போய்விடுவார் என்பதால், வெளியே போகும்போது முறைக்காரர் அவர் கதவை வெளியிலிருந்து தாழிடுவார். அந்தச் சத்தம் அவருக்கு வேண்டும். "தாழ் போட்டாச்சா சார்?" என்று உள்ளேயிருந்து கேட்பார். "போட்டாச்சு" என்றதும் பாயில் சுருண்டுகொள்வார். வேறு எந்தத் தெருவில் அவருக்கு வீடு கொடுப்பார்கள்?

ஆடிப் பதினெட்டு அன்று காலை மேஸ்திரி வெறுங்கையுடன் வந்தான். "பெருக்கு நாள்ல கை வைக்க மாட்டோம்ங்க. எங்களுக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கு. நிம்மதியா ஆத்துக்குப் போயிட்டு வாங்க."

"பல்லை ஒடச்சுட்டுப் பண்டிகை பேசுறான் பாருங்க சார்" என்றார் மூட்டைக்காரர். ஆனாலும் நம்பினோம். பண்டிகை நாளில் ஒரு மனிதன் பொய் சொல்வான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று என் முறை. கூட்டம் என்றால் ஒன்பதாம் எண்காரருக்கு நடுக்கம். பதினொன்று பத்துக்குத் தாழிட்டேன். அரை மணியில் திரும்புவதாகச் சொன்னேன். அம்மா மண்டபத்துப் படித்துறையில் சித்திரான்னம் சாப்பிட்டு, குழந்தைகளை நனையவிட்டு, தெருவுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

தெருவே புழுதியாக இருந்தது. ஆறு பேர் கூரை மேல் ஏறிக் கடப்பாரையால் ஓடுகளையும் உத்தரத்தையும் நெம்பித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பதினொன்று, பத்து, ஒன்பது மூன்றும் விழுந்துவிட்டன. ஒன்பதின் கதவு மட்டும் தாழோடு நின்றது.

மூட்டைக்காரர் ஒருவனைக் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார். நான் ஒரு செங்கல்லை எடுத்தேன். அதுவரை யாரையும் அடித்தவனில்லை. கீழே நின்ற மேஸ்திரியின் காதோரம் அடித்தேன். விழுந்தான். விழுந்தபிறகும் இரண்டு முறை அடித்தேன். மூன்றாவதாக ஓங்கியபோது முகமெல்லாம் ரத்தமாக அவன் கத்தினான்: "வெளிய தாழ் கெடந்துச்சேய்யா! ஆளில்லாத வீடுன்னுதான் ஏறினோம். ஒரு சத்தம்கூட வரலையே! உள்ள மனுசனை வச்சு எவன்யா தாழ் போடுவான்?"

"நான்தான்" என்றேன். செங்கல் என் கையிலேயே இருந்தது.

அவர் ஏன் கத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். தாழ் போட்டாயிற்று, இனி பயமில்லை என்று படுத்திருந்திருக்கிறார். உத்தரம் தொடை மேல் கிடந்தது, நினைவு தப்பியிருந்தது. தூக்கியபோது கால் துணி போலத் தொங்கியது.

இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டதும் அதைத்தான்: "தாழ் போட்டது யாரு?" மறைக்காமல் சொன்னேன். வீட்டுக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. நாங்கள் அவர் மேல் புகார் கொடுத்தால், நோயாளியை அடைத்து வைத்ததாக எங்கள் பதினொரு வீட்டின் மேலும் அவர் கொடுப்பார். ஒரு வாரத்துக்குள் எல்லாரும் காலி செய்வதாகக் கையெழுத்துப் போட்டோம். மூட்டைக்காரர் கடைசியாகக் கைநாட்டு வைத்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.

பெரியாஸ்பத்திரியில் முட்டிக்கு மேல் காலை எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியதும் மெட்ராஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். பார்க்கப் போனேன். அது கதவில்லாத நீண்ட வார்டு. அவர் என்னைக் கண்டதும் கேட்டார்:

"தாழ் போட்டாச்சா சார்?"

"போட்டாச்சு."

"சத்தம் கேக்கலையே சார்."

பக்கத்துக் கட்டிலிலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, அவர் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டினேன். தலையைச் சாய்த்துக் கவனித்தார்.

"இது இல்லை சார்" என்றார்.