இரண்டு என்று சொன்ன வலி

அபுதாபிப் பக்கம் ருவைஸில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட பிறகு இடுப்புக்குக் கீழே எனக்கு அசைவில்லை. கிள்ளினாலும் தெரியாது. ஆனால் பாதம் மட்டும் கொதிக்கிற தாரில் வைத்த மாதிரி எரியும். எப்படி என்று கேட்டால், எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு என்ன தெரியும்? அடிபட்ட நரம்புக்காக மூளை தானாகக் கத்துகிறது என்றார்கள் டாக்டர்கள்.

மாத்திரைக்கு எரிச்சல் அடங்கவில்லை. அபுதாபி மருத்துவமனையில் தலையில் தொப்பி மாட்டி, பசை தடவி, மூளையின் அலையைத் திரையில் கம்பிகளாகக் காட்டினார்கள். ஓரத்துச் சிவப்புக் கம்பிகள் தாழ வேண்டும், நடுவிலுள்ள பச்சை ஏற வேண்டும். எப்படி என்று யாரும் சொல்லித்தர முடியாதாம். மனசே வழி கண்டுபிடிக்க வேண்டும். பிடிபட்டால் எரிச்சல் அடங்கும். எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி அதுதான்.

ஒவ்வொரு முறையும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். நான் "ரெண்டு" என்பேன். சைட்டில் அப்படித்தான் பழக்கம். முதுகு வலி என்று வாய்விட்டவன் 'அன்ஃபிட்', மறுவாரம் ஊருக்கு டிக்கெட். கம்பெனி எனக்கு ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு வரும் கேம்ப் பாஸ், எங்கள் தங்குமிடத்துக்குப் பொறுப்பான கம்பெனி ஆள், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வேறு என்ன சொல்ல?

அன்று தொப்பியை மாட்டாமலே, எப்போதும் அதை மாட்டிவிடும் யாழ்ப்பாணத்துப் பெண் சொன்னாள்: "அண்ணா, முதல் நாளிலயிருந்து ரெண்டு எண்டுதான் சொல்லுறியள். ரெண்டு நோவுக்கு இது தேவையில்லை எண்டு டொக்டர் சொல்லுறார். இண்டையோட நிப்பாட்டுறம்."

"நல்ல விஷயம்தானே? கலாஸ், முடிஞ்சுது!" கேம்ப் பாஸ் எழுந்து சக்கர நாற்காலியின் பிரேக்கை விடுவித்தார். "வா தம்பி, பார்க்கிங் காசு ஏறிக்கிட்டிருக்கு."

நாற்காலி நகர்ந்தது. கதவு வந்துவிட்டது.

"எட்டு," என்றேன்.

"என்ன எட்டு, அண்ணா?"

"வலி எட்டு, தங்கச்சி. சில நேரம் ஒம்பது."

"அடப்பாவி! நான் கேட்டப்பல்லாம் நல்லாருக்கேன்னு இளிச்சியே?" என்றார் கேம்ப் பாஸ்.

"ஆபீஸ்ல சொல்லிடுவீங்கன்னுதான் பாய்."

"கேட்டா சொல்லத்தான் செய்வேன். பொய்யா சொல்ல முடியும்?"

சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக் கொண்டுவந்து பிரேக்கைப் போட்டார். அந்தப் பெண் டாக்டரிடம் ஓடிப் பேசிவிட்டு வந்து தொப்பியை மாட்டினாள்.

திரை முழுக்கச் சிவப்பு. ஆபீஸ், ஸ்டோர், டிக்கெட் என்றே மனசு ஓடியது. பல்லைக் கடிக்கக் கடிக்கச் சிவப்பு இன்னும் ஏறியது.

"என்னய்யா இது, முசஃபா சிக்னல் மாதிரி சிவப்புலயே நிக்குது?"

கேம்ப் பாஸ் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவப்பு சரிந்தது. பச்சை எழுந்து, கொஞ்சம் ஆடி, நின்றது. அதைக் கலைத்துவிடக்கூடாதே என்று மூச்சுவிடவே பயமாக இருந்தது. பயந்ததும் விழுந்தது. மறுபடி எழுந்தது.

"இப்ப எவ்வளவு அண்ணா?"

கேம்ப் பாஸைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு."

"அப்ப அடுத்த கிழமையும் வாங்கோ."

வெளியே வெயிலில் கேட்டேன்: "ஆபீஸ்ல என்ன பாய் சொல்லுவீங்க?"

"கேட்டாத்தானே சொல்லணும்? முதல்ல வண்டியில ஏறு," என்றார்.