பாளையங்கோட்டையில் யாழினி சொன்ன 'போ'

என் மகள் யாழினிக்கு நான்கரை வயது. நாம் சொல்வதெல்லாம் புரியும். பேச வாயெடுத்தால், ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும். "தன்னால வந்துரும்" என்று எல்லோரும் சொன்னதை நம்பி ஒரு வருடம் போய்விட்டது. அதற்கு மேல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, நாங்குநேரியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கிளம்பினோம்.

காலை 7.10 பஸ். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். அங்கிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். வழியெல்லாம் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டோக்காரர், "பாப்பா பேரு என்ன?" என்றார். வழக்கம்போல நானே சொன்னேன்.

"நான் பிள்ளைகிட்டல்லா கேட்டேன், அண்ணாச்சி!"

பயிற்சி தருபவர் ஐம்பது வயது அம்மா. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், சில சொற்களைச் சொல்ல வைத்துக் கேட்டார். "நாக்குல பலம் இருக்கு. மூளை சொல்லுதத வாய் வரிசையா செய்ய மாட்டேங்கு, அவ்வளவுதான்."

"பலூன் ஊதப் பழக்குதோம்," என்றேன் பெருமையாக.

"ஊதினா ஊதத்தான் வரும். பேச்சு வரணும்னா சொல்லத்தான் பழக்கணும்."

தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பொம்மைக் கார் ஒன்றை வைத்தார். "என் வாயப் பாரு. பைய..." காரைத் தள்ளிவிட்டு, உதட்டைக் குவித்து 'போ' என்று இழுத்தார். முதலில் இருவரும் சேர்ந்து சொன்னார்கள், பிறகு அவர் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து அவளைச் சொல்ல வைத்தார். யாழினிக்கு 'ஓ' மட்டுமே வந்தது. பின்னாலிருந்து நான், "போ சொல்லும்மா, போ" என்றேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை அவள் என் பக்கம் திரும்பினாள். உதட்டைக் குவித்து, கதவைக் காட்டி, "போ!" என்றாள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "உங்களத்தான் சொல்லுதா. வெளிய இருங்க சார்."

வெளியே வராண்டாவில் நாற்பது நிமிடம் நடந்தேன். அவமானமா சந்தோஷமா என்று தெரியவில்லை. கண் மட்டும் கலங்கியது.

போகிறவர்களுக்கு: பிள்ளையைப் பசியோடு கூட்டிப் போகாதீர்கள். வீட்டில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் பழக்குவதைவிட, ஐந்தைந்து நிமிடமாக நாலைந்து தடவை நல்லது என்றார் அந்த அம்மா. தினமும் அவளுக்குத் தேவைப்படும் சொற்களிலிருந்து தொடங்கச் சொன்னார். "தன்னால வரும்" என்று எங்களைப் போலக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாதமாக வாரம் இரண்டு முறை போகிறோம். பதினான்கு சொற்கள் தெளிவாக வருகின்றன. 'யாழினி' இன்னும் வரவில்லை. யாராவது பேர் கேட்டால் 'ஆயி' என்கிறாள். சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. இந்தப் பயணத்திலேயே எனக்குக் கஷ்டமான தூரம் அதுதான்.