கார்டில் இல்லாத பாட்டு

அலுமினியக் குண்டானுக்குள் போட்ட செல்போனிலிருந்து பாட்டு வரும்போது, கூடவே பாத்திரமும் லேசாக அதிர்ந்து ஒரு "ஙொய்" சத்தம் எழும். உலகத்தில் எல்லாப் பாட்டுக்கும் பின்னால் அந்தச் சத்தம் இருக்கும் என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். ஜவ்வாது மலையில், காவலூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊரில், புளி தட்டும் மாதங்களில் அம்மாவின் பக்கத்தில் எப்போதும் அந்தக் குண்டான் இருக்கும். போனை வெளியே வைத்தால் தட்டுகிற சத்தத்தில் பாட்டு காதில் விழாது.

அது அப்பா திருப்பத்தூரில் வாங்கி வந்த "சைனா செட்டு". அதைவிட, அதற்குள் இருந்த நகமளவு மெமரி கார்டுதான் எங்களுக்கு அதிசயம். பேச வேண்டுமானால் டவர் கிடைக்கிற பாறைமேல் ஏற வேண்டும் என்பதால், அம்மா அதைப் போன் என்றே மதிக்கவில்லை. "பாட்டுப் பொட்டி" என்றுதான் சொல்வாள். அப்பா கீழே போகும்போதெல்லாம் கார்டைக் கழற்றிக் கொடுத்தனுப்புவாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அவர் புதுப் பாட்டு "ஏத்தி" வருவார். எந்தப் படம், பாடியது யார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. பிடித்தால் இன்னொரு தரம் வைக்கச் சொல்வாள், பிடிக்காவிட்டால் பட்டனை அமுக்கித் தள்ளிவிடுவாள்.

தள்ளவே விடாத பாட்டு ஒன்று இருந்தது. ஒரு பெண் கடலைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. அம்மா கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பாட்டைப் போனைவிட அவள்தான் அதிகம் பாடினாள். வார்த்தை மறந்த இடத்தில் என் பெயரையோ எங்கள் ஆட்டின் பெயரையோ போட்டு நிரப்பிக்கொள்வாள். ஒருநாள் போனைக் குடைந்துகொண்டிருந்தபோது அதில் குரலைப் பிடிக்கவும் வழி இருப்பதைக் கண்டுபிடித்து, அவள் பாடியதைப் பிடித்துப் போட்டுக் காட்டினேன். "இன்னாடி இது, என் கொரலு தகரம் மாதிரி கீது" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தினமும் அதைத்தான் போடச் சொன்னாள்.

அடுத்த மழைக்காலத்தில், காய்ச்சல் என்று கீழே கொண்டுபோன அம்மாவைப் பிணமாகத்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

இறந்தவர் ஆசையாய்க் கையாண்ட பொருளைக் குழியில் கூடவே வைப்பது எங்கள் ஊர் வழக்கம். வெற்றிலைப் பை வைப்பார்கள், வளையல் வைப்பார்கள். அம்மாவுக்கு எதை வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அப்பா போனைக் கையில் வாங்கி, பின்மூடியைத் திறந்து, கார்டை மட்டும் நகத்தால் நெம்பி எடுத்து என் கையில் வைத்தார். "போனு அவகூடப் போவட்டும். அவ கொரலு நம்மகூட இருக்கட்டும்" என்றார். எவ்வளவு நல்ல யோசனை என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாவு விழுந்த வீட்டில் பொங்கல் வரைக்கும் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. கார்டு அதுவரை மஞ்சள் துணியில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பொங்கல் முடிந்ததும் அப்பா ஒரு பழைய போனை வாங்கி வந்து அதில் கார்டைப் போட்டார். எல்லாப் பாட்டும் வந்தது. அம்மா வரவில்லை. எதற்குள்ளாவது கலந்திருக்குமோ என்று ஒவ்வொரு பாட்டையும் முடிகிற வரைக்கும் கேட்டார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பத்தூர்க் கடைக்குப் போனார்.

கடைக்காரர் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகித் தேடிப் பார்த்தார். "நாம பேசிப் புடிச்சதெல்லாம் போன்லயே நின்னுடுமுங்க, கார்டுக்கு வராது. அந்தப் போன எடுத்தாங்க, மாத்திக் குடுக்குறேன்" என்றார்.

"அந்தப் போனு இல்லீங்க" என்றார் அப்பா.

கார்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பஸ் பாதி மலை ஏறிய பிறகு, நான் ஒன்றும் கேட்காமலேயே, "குழியத் தோண்டக் கூடாது பாப்பா" என்றார். அவருக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று அந்தக் கடை இல்லை, கார்டில் பாட்டு ஏற்றுகிறவர்களும் இல்லை. நான் கீழே வேலைக்கு வந்துவிட்டேன். என் போனில் கேட்ட பாட்டு கேட்ட நொடியில் வருகிறது. கேட்காததையும் அதுவாகவே எடுத்துப் போடுகிறது. அந்தக் கடல் பாட்டும் கிடைத்தது. அம்மாவைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு பல வருஷம் அதையே போட்டுப் போட்டுக் கேட்டேன். செய்திருக்கக் கூடாது என்று இப்போது புரிகிறது, புரிந்து என்ன பயன். கண்ணை மூடினால் அம்மா புளி தட்டிக்கொண்டே பாடுவது இன்றைக்கும் தெரிகிறது. வாய் அவளுடையதுதான், வருகிற குரல் அந்தப் பாடகியுடையது.