கிராம்பி என்றொரு சொல்லும் என் பெரியப்பாவும்

அவித்த முட்டைக்கோஸை மறுபடி சூடாக்கும்போது எழும் நாற்றம் இன்றும் எனக்குக் குமட்டும். அப்பா போனபின் அம்மாவும் நானும் பத்து பாகாட் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், கணக்கெழுதும் ‘கிராணி’யாக இருந்த என் பெரியப்பாவின் வீட்டில் ஒண்டியிருந்தோம். வெள்ளைக்காரத் துரை தின்கிறார் என்பதற்காகவே பெரியப்பாவும் முட்டைக்கோஸை உப்பு மட்டும் போட்டு அவிக்கச் சொல்வார்; தின்ன முடியாமல் மிச்சம் வைப்பார்; மறுநாளும் அதையே சூடாக்கச் சொல்வார். பெரிய மனுஷத்தனமாம், மண்ணாங்கட்டி!

பின்னாளில் ஜொகூர் பாருவில் ஆசிரியையாக இருந்தபோது, தடித்த அகராதி ஒன்றில் ‘கிராம்பி’ என்ற அபூர்வமான ஆங்கிலச் சொல்லைக் கண்டேன். சொன்னதையே சொல்லிக் கேட்பவரைச் சலிக்கவைப்பது என்று பொருள். கிரேக்கத்தில் அது முட்டைக்கோஸின் பெயராம். ஆறியதைச் சூடாக்கித் திரும்பவும் இலையில் வைப்பதுபோலப் பழைய பேச்சையே பரிமாறுகிறவர்களை ரோமாபுரிக்காரர்கள் அப்படிச் சொல்லி இகழ, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்களாம். அடடா, எங்கள் பெரியப்பாவை நேரில் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லை உண்டாக்கினார்களோ என்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு நிலைக்கவில்லை. எல்லம்மாவின் முகம் வந்து நின்றது.

எல்லம்மா பால்மரம் வெட்டுகிறவள்; ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. ரப்பர் விலை விழுந்து தோட்டமே சோர்ந்து கிடந்த காலத்தில், அவள் புருஷன் காய்ச்சலோடு தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ‘லயத்தில்’ படுத்துவிட்டான். தோட்டத்து லாரியில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துரையின் உத்தரவு வேண்டும். அதைக் கேட்டு வாங்கக் கிராணியின் வாய் வேண்டும். விடிகாலையில் ஆள் எண்ணும் ‘பெரட்டு’ முடிந்ததும் அவள் எங்கள் வாசலில் வந்து நிற்பாள்.

“ஐயா, கண்ணே தொறக்க மாட்டேங்கிறாருங்க. லாரிக்குக் கொஞ்சம் சொல்லுங்க.”

பெரியப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். “தொரை காதுல போட்டிருக்கேன். ஆவன செய்வாரு. போ.”

கூரை ஒழுகுகிறது என்று வந்தவனுக்கும் இதே பேச்சு, குடிதண்ணீர் நாறுகிறது என்றவனுக்கும் இதே பேச்சு. உண்மையில் அவர் துரை காதில் எதையுமே போட்டதில்லை. துரை முகம் சுளித்துவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டிவிட்டால் அதுதான் எங்கள் பெரியப்பா. “இதுவும் ஒரு வாயா, தூ!” என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள்.

ஒருநாள் எல்லம்மா பெரட்டுக்கே வரவில்லை. வெயில் ஏறியபின் தலைவிரி கோலமாக வந்து நின்றாள். அவள் வாய் திறக்கும் முன்பே பெரியப்பா ஆரம்பித்துவிட்டார்.

“தொரை காதுல போட்டிருக்கேன். ஆவன செய்வாரு. போ.”

“பொதைக்க ஆளு வேணுங்கய்யா” என்றாள் அவள்.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். லயங்கள் இல்லை, ரப்பர் மரங்களும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்க்காக நட்ட செம்பனைதான். பெரியப்பாவின் சமாதிக்குப் பிள்ளைகள் சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். எல்லம்மாவின் புருஷனைப் புதைத்த இடம் எது என்று கேட்டேன். காட்ட ஆளில்லை.