மாமா வைத்த மை

என் தாய்மாமாவை ஊரே தங்கமான மனுஷன் என்கிறது. போன பொங்கலுக்கும் வந்தார். என் தம்பியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, தொண்டை கிழியக் கத்தி, கரும்பு வேண்டுமா என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் உருகிப்போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. பிறந்தபோது நன்றாகத்தான் கேட்டது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, தம்பி ஐந்து மாதக் குழந்தை. வீடு குந்தாரப்பள்ளிப் பக்கம். அப்பா லாரியோடு எப்போதும் வெளியூரில் இருப்பார். அதனால் எங்களோடு இருந்த மாமா வைத்ததுதான் சட்டம். அவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வண்டிக்குப் போகும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போடுவார். அளக்காமலே கோடு போட்ட ஒருவனை எல்லோர் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டிய கதையைச் சோறு தின்னும்போதெல்லாம் சொல்வார்.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். போட்ட பிள்ளைகளுக்கு இடது கட்டைவிரலில் மை வைப்பார்கள். எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முந்தின நாள் மாமாவின் போனில் ஓர் ஆடியோ வந்தது. கன்னடத்தில் யாரோ ஒருத்தி அழுதாள். இந்த ஊசி போட்டால் பெண்பிள்ளைகளுக்குப் பின்னால் குழந்தையே பிறக்காதாம். மாமா வரிக்கு வரி தமிழில் சொன்னார். அவள் யார், எந்த ஊர், யாருக்கு அப்படி ஆனது? ஒரு கேள்வி கேட்கவில்லை. இரும்புத் துண்டைக்கூட அளந்து பார்க்கிற மனுஷன்!

அம்மா அவர் பேச்சைக் கேட்கவில்லை. தம்பிக்கு ஊசி போட வரும் நர்ஸம்மா சொல்லியிருக்கிறார், போட்டே ஆகவேண்டும் என்றாள். மாமா வாதாடவில்லை. மறுநாள் காலை என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் வழியில் வண்டியை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து அந்தக் கம்பெனி மார்க்கரை எடுத்து என் கட்டைவிரலில் பூசினார்.

"டீச்சர் கேட்டா அங்கன்வாடியிலயே போட்டுக்கினேன்னு சொல்லு பாப்பா. அம்மாகிட்ட ஸ்கூல்ல போட்டாங்கன்னு சொல்லிடு."

ஊசி என்றாலே நடுங்கும் எனக்கு மாமா கடவுளாகத் தெரிந்தார். டீச்சர் விரலைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். கையைத் தேய்த்துக்கொண்டு அழுத பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.

ஒரு மாதம் போயிருக்கும். எனக்குக் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, பிறகு உடம்பெல்லாம் தடிப்பு. வாசலில் வேப்பிலை ஏறியது, அடுப்பில் தாளிப்பு நின்றது. ஆத்தா வந்திருக்கிறாள், டாக்டர் பக்கமே போகக்கூடாது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். ஊசி போட்டும் வந்துவிட்டதே என்று அம்மா பயந்து போனாள். இருந்தது ஒரே அறை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் தம்பி, நடுவில் அவள். நான் தேறி எழுந்த சில நாளில் தம்பிக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

இப்போது லேப் டெக்னீஷியன் படிக்கிறேன். நோய்க்கிருமியின் பலத்தைக் குறைத்து ஊசியில் போட்டுக் காட்டினால், உடம்பிலுள்ள காவல் அணுக்கள் அதன் அடையாளத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளும். நிஜக் கிருமி வந்தால் உள்ளே விடாமல் அடிக்கும். ஆனால் தட்டம்மை ஊசி ஒன்பது மாதத்தில்தான். அம்மா வயிற்றிலிருந்து கொண்டுவந்த காப்பும் அதற்குள் கரைந்துகொண்டே வரும். அந்த இடைவெளியில் குழந்தைக்குக் காவல், கூட இருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான். அவனுக்குக் காவல் நான். பாடத்தில் இதைப் படித்த அன்று வகுப்பை விட்டு எழுந்து போய்விட்டேன். போன வருடம் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முழுவதையும் கேட்டாள். கடைசியில், "நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சான், உடு" என்றாள். எதை விடுவது?

அந்தக் காய்ச்சலில் தம்பிக்கு மூச்சு இழுத்த பிறகுதான் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சளி நெஞ்சில் இறங்கியிருந்தது, இரண்டு காதிலும் சீழ். பெரிய பெண்ணுக்கு ஊசி போட்டீர்களா என்று டாக்டரம்மா கேட்டார்.

"போட்டாச்சும்மா. வெரல்ல மைகூட வச்சி அனுப்பனாங்க," என்றாள் அம்மா.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். வாசல் கடையில் கிரீம் பன் வாங்கிக் கொடுத்தார். தின்று முடிப்பதற்குள் இன்னொன்று வாங்கிக் கையில் திணித்தார். உள்ளே தம்பி அப்படிக் கிடக்கும்போதும் என் பசியை மறக்காத மாமா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தபடி இரண்டையும் தின்றேன்.